சத்தம் கேட்டு அமுக்கிய பொத்தான்

கோமதி,

டாக்டரம்மா என்ன சொன்னார் என்று நேற்று சாயங்காலம் போனில் கேட்டாய். "ஒண்ணுமில்லட்டி, எல்லாம் பழைய மாதிரிதான் இருக்காம்" என்றேன். நீயும் பெங்களூர் ஆபீஸ் அவசரத்தில், "சரிப்பா, சொட்டு மருந்த மட்டும் விட்டுராதீக" என்று சொல்லி வைத்துவிட்டாய். நான் சொன்னது தப்பான செய்தி. பத்திரிகையில் தப்பாகப் போய்விட்டால் மறுநாளே திருத்தம் போட்டுப் பழகியவன் நான். இதையும் போனிலேயே திருத்தியிருக்கலாம்தான். ஆனால் சொல்ல ஆரம்பித்தால் நீ குறுக்கே கேள்வி கேட்பாய், நான் தைரியமான ஆள் மாதிரிப் பேசத் தொடங்கிவிடுவேன். அதனால் எழுதுகிறேன். நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். முடிவில் உன்னிடம் கேட்க ஒன்று இருக்கிறது. அதற்குள் தாளை மடித்து வைத்துவிடாதே.

என் கண்ணில் நீர் அழுத்தம் கூடியிருக்கிறது என்று கண்டுபிடித்தபோது நீ கல்லூரியில் இருந்தாய். உனக்குத் தெரிந்ததெல்லாம் ராத்திரி சொட்டு மருந்தும் அதை நான் மறந்தால் உன் அம்மா போடும் சத்தமும்தான். இந்த நோய் வலிக்காது, கண் சிவக்காது. பார்வையின் ஓரங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். நடுவில் இருப்பது மட்டும் கடைசிவரை பளிச்சென்று தெரியும் என்பதால், எதை இழந்தோம் என்பதே ஆளுக்குத் தெரியாது. எவ்வளவு போயிருக்கிறது என்று பார்க்க ஆறு மாதத்துக்கு ஒரு சோதனை உண்டு. இருட்டறையில் ஒரு பெரிய வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, ஒரு கண்ணை மறைத்துக்கொண்டு, நடுவில் உள்ள புள்ளியையே பார்க்க வேண்டும். கிண்ணத்தில் எங்காவது ஒரு சின்ன வெளிச்சம் மின்னி மறையும். தெரிந்தால் கையில் இருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். கடைசியில் ஒரு படம் வரும். தெரிந்த இடம் வெள்ளை, தெரியாத இடம் கறுப்பு.

என் படங்கள் வருஷா வருஷம் நல்ல வெள்ளையாகவே வந்தன. எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. வீட்டுக்கு வந்ததும் மார்க் வாங்கின பையன் மாதிரி உன் அம்மாவிடம் காட்டுவேன். "பக்கத்துல வச்ச செம்ப மட்டும் தினமும் தட்டி விடுதீக. மிஷினுக்கு முன்னால போனா மட்டும் எல்லாம் தெரியுதோ?" என்பாள். நான் சிரித்துவிடுவேன். பழைய டாக்டர் ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு தடவையும் படத்தைப் பார்த்துவிட்டு, "அடுத்த தடவை நிதானமா அமுக்குங்க அண்ணாச்சி" என்பார். வாசல்வரை வந்து வழியனுப்புகிறவர்கள் "பாத்துப் போங்க" என்பார்களே, அந்த மாதிரி மரியாதைக்குச் சொல்கிறார் என்றே எடுத்துக்கொண்டேன். அடுத்தவர் வாயிலிருந்து செய்தி பிடுங்கியே பிழைத்தவன், எனக்கென்று சொல்லப்பட்ட செய்தியைக் கோட்டை விட்டேன்.

போன சாரல் சீசனில் இடி விழுந்து கிளினிக்கின் பழைய கம்ப்யூட்டர் போய்விட்டது. அதோடு சேர்ந்திருந்த சோதனை மிஷினையும் மாற்றி, இப்போது இருக்கும் செங்கோட்டை டாக்டரம்மா எல்லாவற்றையும் புதிதாக வாங்கினார். புது மிஷினில் எனக்கு எடுத்த முதல் படத்தைப் பார்த்ததும் வேறு யாருடைய படத்தையோ மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். இடது பக்கம் கீழே, மழைமேகம் இறங்கினது போல ஒரு கறுப்பு. டாக்டரம்மாவும் உடனே நம்பவில்லை. "சார், நோய் திடீர்னு கூடிடுச்சா, இல்ல மிஷின் மாறினதால வந்த வித்தியாசமா? திடீர்னு கூடியிருந்தா ஆபரேஷன் யோசிக்கணும். பழைய ரிசல்ட்டைப் பக்கத்துல வச்சுப் பாக்காம நான் எதையும் சொல்ல முடியாது" என்றார்.

பழைய படங்களைத்தான் நான் பத்திரமாக வைத்திருந்தேனே. ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பீரோவில், உன் சர்டிபிகேட்டுகளுக்குக் கீழே. எடுத்துப் பார்த்தால் அத்தனையும் வெறுந்தாள். பஸ் டிக்கெட்டில் எழுத்து மறைவதுபோல மறைந்திருந்தது. நான் பத்திரம் என்று நினைத்துப் போட்ட உறைதான் சீக்கிரம் அழித்தது என்று மாரியப்பன் சொன்னான். கிளினிக்கில் சோதனை எடுப்பவன் அவன்தான். ஆக, என் கண்களின் கதை மிச்சமிருந்தது ஒரே இடத்தில்தான், செத்துப்போன கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க்கில். அதைப் படிக்கும் புரோகிராமோ பழைய விண்டோஸில் மட்டும்தான் ஓடும். புதுக் கம்ப்யூட்டர் அதை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பியது.

அந்த நேரத்தில்தான் நீ வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும் முன் நாலு நாள் லீவில் வந்தாய். விஷயத்தைச் சொன்னதும், "இதுக்கா இம்புட்டு நாள் முழிச்சுக்கிட்டு இருந்தீக? நான் பாக்கேன்" என்றாய். நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே இந்த வேலையைச் செய்திருக்கிறாய், நினைவிருக்கிறதா? ஆபீஸிலிருந்து எனக்குப் புதுக் கம்ப்யூட்டர் அனுப்பினார்கள், என் பழைய தமிழ் டைப்பிங் புரோகிராம் அதில் கட்டம் கட்டமாகக் காட்டியது. மெயின் அருவியில் பாதுகாப்பு ஆர்ச்சையும் தாண்டித் தண்ணீர் விழுகிறது, குளிக்கத் தடை, நான் செய்தி அனுப்ப முடியாமல் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறேன். நீ யூனிபாரத்தோடு உட்கார்ந்து என்னமோ இரண்டு இடத்தில் டிக் அடித்தாய், எழுத்து வந்துவிட்டது. அன்றிலிருந்து கம்ப்யூட்டர் என்றால் எனக்கு நீதான்.

ஞாயிற்றுக்கிழமை கிளினிக் லீவு. மாரியப்பன் திறந்துவிட்டான். நீ ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி ஒரு வயர் வழியாகப் புதுக் கம்ப்யூட்டரில் மாட்டினாய். முதலில், பழைய விண்டோஸில் இருப்பதாக அந்தப் புரோகிராமை நம்ப வைக்கும் வழியைப் பார்த்தாய். அது நம்பவில்லை. இந்தக் கம்ப்யூட்டரில் இதை ஓட்ட முடியாது என்று ஒரு பெட்டி வந்து நின்றது.

"இது ரொம்பப் பழைய ஆளுப்பா. இது பேசுத பாஷையே இப்ப உள்ள விண்டோஸுக்கு மறந்துட்டு" என்றாய்.

"பாப்பா, இத மட்டும் ஓட வச்சிட்டேன்னா எங்க வீட்டு மிக்ஸியவும் பாத்துரு. அதுவும் இப்படித்தான் மொறைச்சிக்கிட்டு நிக்கி" என்றான் மாரியப்பன்.

நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு வந்தது வேறு சிரிப்பு. அந்தப் பெட்டியைப் பார்த்ததும் எனக்குள் ஒரு நிம்மதி. ஓடாவிட்டால் நல்லது. மிஷின் மாறினதால் வந்த கறுப்பு என்று சொல்லிக்கொண்டே இன்னும் கொஞ்ச காலம் ஓட்டிவிடலாம். "சரி விடுட்டி, அவங்க வேற வழி பாப்பாங்க. வா, ஐந்தருவிப் பக்கம் ஒரு நடை போயிட்டு வருவோம்" என்று உன்னைக் கிளப்பப் பார்த்தேன். உனக்கு அது சாதாரணப் பேச்சாகப் பட்டிருக்கும். நான் பயத்தில் பேசினேன்.

நீ விடவில்லை. கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை உண்டாக்கினாய். புது விண்டோஸின் நடுவில் ஒரு ஜன்னல், அந்த ஜன்னலுக்குள் பழைய விண்டோஸ், அதே பச்சைப் புல்மேடும் நீல வானமுமாக விழித்துக்கொண்டது. "உள்ள இருக்கதுக்கு வெளிய இப்படி ஒரு புது உலகம் இருக்குன்னே தெரியாதுப்பா. அது இன்னமும் அந்தக் காலத்துலயே இருக்கோம்னு நினைச்சு ஓடிக்கிட்டு இருக்கும்" என்று எனக்கு விளக்கினாய். அதற்குள் அந்தப் பழைய புரோகிராமை ஏற்றினாய். நோயாளிகளின் பெயர்கள் வந்தன. என் பெயரும் வந்தது. மாரியப்பன் கைதட்டினான். டாக்டரம்மா புதன்கிழமைதான் வருவார், அவர் பார்த்துச் சொல்லட்டும் என்று நானே மூடச் சொன்னேன்.

நீ மூடுவதற்கு முன்னால் நடந்த ஒன்றை இப்போது எழுத வேண்டும். "மவுஸ் எங்க போச்சு?" என்று தேடினாய். அம்பு, திரையின் இடது பக்கம் கீழே, மூலையில் நின்றது. உனக்குப் பின்னால் நின்ற எனக்கே தெரிந்தது. நீ அதைத் தேடக் கண்ணை மட்டும் திருப்பவில்லை, தலையோடு திரும்பினாய். "மவுஸ் இந்த ஜன்னலுக்குள்ள மாட்டிக்கிட்டா வெளிய வராதுப்பா, இதோட குணம் அப்படி" என்று நீயே காரணமும் சொன்னாய். சரி என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மாரியப்பன் டீ கொண்டுவந்து உன் இடது கைப்பக்கம் வைத்தான். நீ, "டீ வரலையாண்ணே?" என்று கேட்டாய். "கண்ணு முன்னால இருக்கத விட்டுட்டு வாசலப் பாத்துக் கேக்கியே பாப்பா" என்று அவன் கேலி செய்தான். திரும்பவும் நீ தலையோடு திரும்பினாய். நான் செம்பைத் தேடும்போது எப்படித் திரும்புவேனோ, அதே மாதிரி.

அப்போது அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. வேலையில் மூழ்கியிருந்தாய் என்று நினைத்தேன். புதன்கிழமை அன்றுதான் அது திரும்ப வந்து என் நெஞ்சில் உட்கார்ந்தது.

டாக்டரம்மா உன் ஜன்னலுக்குள் ஓடும் பழைய புரோகிராமில் என் சோதனைகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். ஒரு பக்கம் பழையது, இன்னொரு பக்கம் புதியது. படத்தைப் பார்க்காமல் படத்துக்கு மேலே இருந்த பொடி எழுத்துகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார். "சார், பழைய மிஷின்ல லைட் வர்றதுக்கு முன்னாடி ஒரு சத்தம் வருமே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. லேசாக ஒரு உறுமல், அதைத் தொடர்ந்து வெளிச்சம். உறுமல், வெளிச்சம். அந்த இருட்டில் அதுதான் எனக்குத் துணை.

"அது உள்ள இருக்கற மோட்டார் லைட்டை நகத்துற சத்தம். நடுவுல சில தடவை மிஷின் சத்தத்தை மட்டும் போடும், லைட்டைப் போடாது. ஆள் பார்த்துத்தான் அமுக்குறாரான்னு தெரிஞ்சுக்கறதுக்கு. முதல் ரெண்டு மூணு சோதனையில நீங்க சரியாத்தான் பண்ணியிருக்கீங்க. அதுக்கப்புறம், லைட்டே வராதப்பவும் அமுக்கியிருக்கீங்க. வர வர அது கூடிக்கிட்டே போயிருக்கு."

"நான் பொய் சொன்னேங்கிறீங்களா டாக்டர்?"

"இல்ல சார். கேட்டதைப் பார்த்ததா நினைச்சிருக்கீங்க. நிறையப் பேருக்கு நடக்கறதுதான். புது மிஷின்ல சத்தம் இல்ல. அதனால இதுதான் உங்க கண்ணோட உண்மையான படம்."

ஆபரேஷன் அவசரமாகத் தேவைப்படாது என்றார், கறுப்பு ஒரே நாளில் வந்ததில்லை என்பதால். ஆனால் எப்போது தொடங்கியது, எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று சொல்ல, அந்த முதல் இரண்டு மூன்றைத் தவிர, பழைய படங்களில் நம்புவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. மற்றதையெல்லாம் நானே வெள்ளையடித்து வைத்திருக்கிறேன். இனி முதலிலிருந்து பார்க்க வேண்டும். போனது திரும்பி வராது.

நான் எழுந்திருக்கும்போது அவர் கேட்டார், "உங்களுக்குப் பசங்க?"

"ஒரே பொண்ணு. அவதான் இந்த வேலையைச் செஞ்சு கொடுத்தது."

"கண் பாத்திருக்காங்களா? அழுத்தம்? இந்த ஃபீல்டு டெஸ்ட்?"

கம்ப்யூட்டர் வேலை, கண்ணாடிக் கடையில் வருஷா வருஷம் பார்க்கிறாள் என்றேன். "அது கணக்கில்ல சார்" என்றார். "இது குடும்பத்துல வரும். அப்பாவுக்கு இருந்தா பிள்ளைங்க கட்டாயம் பாக்கணும். உங்க அப்பாவுக்கு இருந்ததா?"

தெரியாது என்றேன். கிளினிக் படியில் இறங்கும்போதுதான் தெரிய ஆரம்பித்தது. உன் தாத்தாவை உனக்குப் போட்டோவில்தான் தெரியும். வாசுதேவநல்லூர் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய், வயசு ஐம்பதைத் தாண்டின பிறகு, அடிக்கடி வரப்பிலிருந்து வாய்க்காலில் விழுந்து சேறோடு வருவார். குடித்துவிட்டு விழுகிறார் என்று ஊரில் பேசினார்கள். நானும் ஒருநாள், வேட்டியைப் பிழிந்து கொடுக்கிற சாக்கில் கிட்டே போய் அவர் வாயை மோந்து பார்த்தேன். வெற்றிலை வாசம் மட்டும்தான் இருந்தது. ஏன் விழுந்தார் என்று நாங்கள் யாரும் கேட்கவே இல்லை. அவருக்கு இருந்ததா என்று இனி எந்தக் கம்ப்யூட்டரைத் திறந்தும் பார்க்க முடியாது.

அன்று ஸ்கூட்டரை எடுக்கவில்லை. கோயில் வாசல் வரை நடந்தேன். எப்போதும் போலக் காற்று முகத்தில் அடித்தது. அந்தக் காற்றில் நின்று, இதே ஸ்கூட்டரில் உன்னைப் பின்னால் உட்கார வைத்து எத்தனை தடவை குத்துக்கல்வலசைத் திருப்பத்தில் திரும்பியிருக்கிறேன், இடது பக்கம் யார் வந்தார், யார் ஒதுங்கினார் என்று எனக்குத் தெரியுமா என்று யோசித்தேன். பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். வண்டி எங்கே என்று உன் அம்மா கேட்டாள். பஞ்சர் என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பஞ்சரானது வண்டியா, நீங்களா?" என்றாள். இன்று காலையில் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், உன் தலை திரும்பியதைத் தவிர.

எனக்கு ஏன் காது முந்திக்கொண்டது என்று யோசித்துப் பார்க்கிறேன். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஐந்தருவியில் என் கையைப் பிடித்துக்கொண்டு குளித்துக்கொண்டிருந்தாய். உன் அம்மா பெண்கள் பக்கம் இருந்தாள். வெயில் அடித்தது, தண்ணீர் தெளிவாகத்தான் விழுந்தது. திடீரென்று அருவியின் சத்தம் மாறியது. கூடவில்லை, அடித்தொண்டைக்கு இறங்கியது. நான் உன்னைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். நீ சோப்பு நுரையோடு அழுதாய். பக்கத்தில் குளித்தவர்கள் சிரித்தார்கள். உன் அம்மாவைப் பெயர் சொல்லிக் கத்திக் கூப்பிட்டேன், அதற்கும் சிரித்தார்கள். அதன்பிறகு சருகும் சுள்ளியும் வந்து விழுந்தன. தண்ணீர் செம்மண் நிறமானது. போலீஸ்காரர் விசில் ஊதியது அதற்குப் பிறகுதான். அன்று எல்லாரும் தப்பிவிட்டார்கள். கண்ணுக்கு முன்னால் காதை நம்பு என்று எனக்குள் எழுதிவிட்ட நாள் அது. உன்னைக் காப்பாற்றிய அதே காதுதான் இருட்டறையில் எனக்காகப் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறது.

இப்போது நான் பயப்படுவது என் கண்ணுக்காக இல்லை, கோமதி. அதற்கும் பயம் உண்டு, இல்லை என்று சொன்னால் அதற்கொரு திருத்தம் எழுத வேண்டி வரும். ஆனால் உனக்கு வயசு முப்பதை ஒட்டித்தான் ஆகிறது. ஜன்னலுக்குள் ஓடிய அந்தப் பழைய விண்டோஸ் மாதிரி, என் அப்பாவிடமிருந்து என்னிடம் வந்தது உனக்குள்ளும் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தால்? மவுஸ் அம்பு உள்ளே மாட்டிக்கொண்டதுதான் காரணமா, உன் கண்ணா? மிஷினா, கண்ணா என்று டாக்டரம்மா என்னிடம் கேட்ட அதே கேள்விதான் உன்னைப் பற்றி எனக்கும். அவருக்காவது திறந்து பார்க்கப் பழைய படம் இருந்தது. எனக்கு நீ இரண்டு தடவை தலை திருப்பினது மட்டும்தான் இருக்கிறது. ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். ஒன்றுமில்லை என்று தெரிந்தால் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவன் யாரும் இருக்க மாட்டான்.

உன் பயணத்தைத் தடுக்க நான் காரணம் தேடுகிறேன் என்று நீ நினைக்கக்கூடும். வேலை கிடைத்த அன்று, "எதையாவது சொல்லி என்னைய நிறுத்திராதீகப்பா" என்றாய். நிறுத்தவில்லை. டிக்கெட்டை மாற்றச் சொல்லவில்லை. போ. ஆனால் உன் கண் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போ. பெங்களூரில் இல்லாத ஆஸ்பத்திரியா என்பாய். இருக்கிறது, ஆனால் நீ போக மாட்டாய், உனக்கு நேரம் இருக்காது. அதனால் அடுத்த வாரம் சனிக்கிழமை காலை இங்கேயே உன் பெயரைப் பதிந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை ராத்திரி வண்டி ஏறிவிடு. காலையில் ஸ்டேஷனுக்கு உன் அம்மாவும் நானும் ஆட்டோவில் வருகிறோம். மாரியப்பன் மிக்ஸியைக் கொண்டுவந்து வைப்பேன் என்று மிரட்டுகிறான்.

நான் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். உள்ளே இருட்டாக இருக்கும். இந்த மிஷின் சத்தமே போடாது. நடு நடுவே ரொம்ப நேரம் எதுவும் வராதது போலத் தோன்றும், அப்போது பயத்தில் விரல் தானாக அமுக்கப் பார்க்கும். எனக்கு நல்ல படம் காட்ட வேண்டும் என்றும் உனக்குத் தோன்றலாம், நீ அப்படிப்பட்ட பிள்ளை. எனக்காக ஒரு தடவைகூட அமுக்காதே. தெரிந்தால் மட்டும் அமுக்கு.

அப்பா